உண்ணி ஏறிய சுவர்

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால், ஏரிக்கரைக்குப் போகிற வழியில், கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டிய வரிசை வீடுகள். முன்னால் ஓர் அறை, அதை ஒட்டிச் சமையல் செய்ய ஓர் இடம், பின்னால் துணி துவைக்கிற கல்லோடு ஒரு சின்ன முற்றம். முற்றத்தைப் பிரிக்கிற சுவரை ஹாலோபிளாக் கல்லில் எழுப்பி எங்கள் பக்கம் மட்டும் பூசியிருந்தார்கள். அந்தப் பக்கம் பூசவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே விரல் நுழைகிற அளவுக்குச் சந்து இருந்தது. குடி வந்தபோது அதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

என் கணவர் இரும்புக் கம்பி உருட்டுகிற ஆலையில் உலைப் பக்கம் வேலை செய்கிறார். நான் மோட்டார் உதிரிப் பாகம் செய்கிற கம்பெனியில் இருக்கிறேன். வருகிற பாகங்களை விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் விழுந்ததையும் விளிம்பு உடைந்ததையும் ஒதுக்கி வைப்பது என் வேலை. எங்களுக்கு ஒரே மகள். அவள் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் பள்ளி விட்டு வரும் வழியில் நாய்க்குட்டி ஒன்றைத் துப்பட்டாவில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். லாரி நிற்கிற இடத்தில் டயருக்கு அடியில் படுத்திருந்ததாம். செம்மண் நிறம். என்ன பெயர் வைப்பது என்று மூன்று பேருக்கும் ஒத்துவரவில்லை. குட்டி குட்டி என்று கூப்பிட்டோம். வளர்ந்து பெரிதான பிறகும் அதுவே பெயராக நின்றுவிட்டது.

அடுத்த கோடையில் ஒரு நாள் அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தேன். உள்ளே ஆமணக்கு விதை மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறம், வழவழப்பு. மரு என்று நினைத்துத் தொட்டேன். அடியில் கால்கள் அசைந்தன. நான் பழவேற்காட்டுக்காரி. மீனையும் நண்டையும் வெறும் கையால் அள்ளி வளர்ந்தவள். அதற்கெல்லாம் கூசாத கை அன்றைக்குக் கூசிவிட்டது.

தெரிந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மண்ணெண்ணெய் தடவச் சொன்னவர் ஒருவர், கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைக்கச் சொன்னவர் ஒருவர். வேப்பெண்ணெய் பூசிப் பார்த்தோம். குட்டி அதை நக்கிவிட்டு வாந்தி எடுத்தது, உண்ணி அப்படியே இருந்தது. கடைசியில் அரசு கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா. சின்ன வயது. குட்டியின் கால் விரல் இடுக்கு, வால் அடி, தாடைக்குக் கீழே என்று ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டினார். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும், திருகக் கூடாது, எடுத்ததைச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் நகத்தால் நசுக்கக் கூடாது என்றார். கழுத்துக்குப் பின்னால், நாய் நக்க முடியாத இடத்தில் விடுவதற்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அதோடு இன்னொன்றும் சொன்னார். அது மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"நாய் மேல நீங்க பாக்குறது கொஞ்சந்தான். மீதி எல்லாம் உங்க ஊட்ல இருக்குது. சுவத்துல, கட்டில் சந்துல, கதவு மூலைல. அதை வுட்டுட்டு நாய மட்டும் பாத்தா பிரயோஜனமில்ல."

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிட்டது. சாயங்காலம் கம்பெனி பேருந்தை விட்டு இறங்கி வந்ததும் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவேன். பகல் முழுக்க இரும்பில் குறை தேடின கண், சாயங்காலம் மயிருக்குள் உண்ணி தேடும். கோணிப் படுக்கையைக் கொதிநீரில் போட்டு எடுப்போம். கட்டிலை வெயிலில் கவிழ்ப்போம். சுண்ணாம்பு கரைத்து மூலை முடுக்கெல்லாம் அடிப்போம். சில நாள் ஒன்றும் இருக்காது. அப்பாடா என்று நினைக்கும்போது மறுபடி வந்துவிடும்.

எங்கிருந்து வருகிறது என்று மகள்தான் கண்டுபிடித்தாள். பின் சுவரின் உச்சியில் சின்னதும் பெரிதுமாக வரிசையாக ஊர்ந்து, எங்கள் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தன.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. நாங்கள் குடி வந்தபோது அவர் மனைவி உயிரோடு இருந்தார். அந்த அம்மாதான் எங்களுக்கு முதல் நாள் குடிதண்ணீர் கொடுத்தது. வெள்ளை நாய் ஒன்று அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வளைய வரும். அவர் குளிப்பாட்டுவார், சீப்பு வைத்து வாருவார், உண்ணி இருந்தால் அங்கேயே உட்கார்ந்து எடுப்பார். அந்த வீட்டில் நாய் இருப்பது நாற்றத்தால் தெரியாது, குரைப்பால்தான் தெரியும். பிறகு அவருக்கு மார்பில் கட்டி வந்தது. சென்னைக்கும் இங்குமாக அலைந்தார்கள். ஒரு வருஷம் கூட இல்லை, போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் வேலைக்குப் போனார், வந்தார், கதவைச் சாத்திக்கொண்டார். ஒரே மகளை ஆந்திர எல்லையைத் தாண்டித் தடாவில் கட்டிக் கொடுத்திருந்தார். அவள் பண்டிகைக்கு வருவதுகூடக் குறைந்துவிட்டது. முற்றத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம் நின்றுபோனது. அந்த நாய் சுவர் ஓரமாக நின்று உடம்பைத் தேய்த்துக்கொள்கிற சரசர சத்தம் மட்டும் எங்கள் பக்கம் கேட்கும்.

என் கணவர் நல்லபடியாகத்தான் பேசப் போனார். அவருக்கு எதிரே நின்று சண்டை போடுகிற குணம் கிடையாது.

"அண்ணா, உன் நாய்க்கு ஒரு மருந்து வுடலாம்ணா. நானே இட்டுக்கினு போய் இட்டாறேன். நீ ஒண்ணும் பண்ண வேணாம்."

"என் நாய்க்கு ஒண்ணுமில்ல. நீ உன் நாயப் பாத்துக்கோ."

முற்றத்தையாவது கழுவிவிடலாம் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். உள்ளே ஒரு சாமானையும் யாரும் தொடக்கூடாது என்று அவர் கதவில் கையை வைத்து மறித்தாராம். அதோடு பேச்சு நின்றது. வழியில் பார்த்தால் நான் "ணா" என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். தெருவில் மற்றவர்களும் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரரிடம் சொல்லிக் காலி பண்ண வைக்கலாம் என்றுகூடப் பேசினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் காது வலி என்று அழுதாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ பூச்சி போயிருக்கும் என்று நினைத்தேன். பொன்னேரியில் காது டாக்டரிடம் காட்டினால், அவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு நீளமான இடுக்கியால் ஓர் உண்ணியை எடுத்து பஞ்சில் வைத்துக் காட்டினார். உயிரோடு இருந்தது. என் கணவர் அடுத்த விடுமுறையில் திருவாலங்காட்டுப் பக்கம் இருக்கிற தன் ஊருக்குப் போய், அண்ணன் நெல்லுக்கு அடிக்கிற பூச்சி மருந்தை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தெளித்துவிடப் போவதாகச் சொன்னார்.

எதிர் வீட்டு அக்கா ஷிப்டு ஆட்களுக்கு நாஷ்டா போடுகிறவர். அந்த நேரம் மாவுக் குண்டானோடு எங்கள் வாசலில் நின்றிருந்தார். அவர் பாட்டிலைப் பார்த்ததும் என்ன மருந்து என்று கேட்டார். சொன்னோம். குண்டானைக் கீழே வைத்துவிட்டார்.

"வேணாம்பா. நாத்துக்கு அடிக்கிற மருந்த எங்க ஊட்டுக்காரரு தண்ணில கலந்து நாய்க்குட்டிங்கள குளிப்பாட்டினாரு. உண்ணி கொட்டிச்சு. குட்டிங்களும் நுரை தள்ளி செத்துச்சுங்க. அதுங்க கண்ண நீ பாத்திருந்தா இத கையில எடுக்க மாட்ட."

என் கணவர் பாட்டிலை அப்படியே எடுத்துப் போய் அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக ஆலையிலிருந்து பழைய கிரீஸைக் கொண்டுவந்து, சுவரின் உச்சியில் நீளத்துக்கும் பட்டையாகப் பூசினார். வருகிறதெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது. வாரத்துக்கு ஒரு தடவை தகரத் துண்டால் வழித்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவார். ஓரளவு பயன் தெரிந்தது. கிரீஸும் சுண்ணாம்புமாக இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

புரட்டாசி மாதம். வெயில் இன்னும் குறையவில்லை. எனக்கு அன்று வார விடுமுறை. காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். சுவர் உச்சி கறுப்பாக இருந்தது. கிரீஸ்தான் வெயிலில் உருகி வழிகிறது என்று முதலில் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாம் உண்ணி. முன்னால் வந்தவை ஒட்டிக்கொண்டு கிடக்க, அவற்றின் மேலேயே நடந்து பின்னால் வருபவை எங்கள் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தன. அவ்வளவை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

என் கணவர் விவசாயக் குடும்பம். மாடு செத்து உடம்பு குளிர்ந்தால் உண்ணி எல்லாம் இறங்கிவிடும் என்று ஒரு முறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அது அந்த நிமிஷம் மனதில் பட்டது. அந்த நாய் போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. பிறகு யோசித்தேன். அது குரைத்து எத்தனை நாளாயிற்று? அவர் சைக்கிள் வெளியே போகிற சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று? எனக்கு நினைவில்லை. சத்தம் இல்லாததை யார் கவனிக்கிறார்கள்.

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். பதில் இல்லை. முன்பக்கம் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே தாழ். எதிர் வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் கடைக்கு நாஷ்டா சாப்பிட வந்த இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்தார். அவர்கள் தோளால் முட்டிக் கதவைத் திறந்தார்கள்.

அந்த வாடையைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். அறையில் கட்டில் இருந்தது, அதில் யாரும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் புடவைகள் பரப்பியிருந்தன. ஒன்றன் மேல் ஒன்றாக, மெத்தை மாதிரி. அதன் ஒரு ஓரத்தில் அவர் சுருண்டு படுத்திருந்தார். அவர் முழங்காலை ஒட்டி அந்த வெள்ளை நாய். அதன் மூக்கைச் சுற்றி ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அவர் கை அதன் கழுத்து மேல் இருந்தது.

அவரும் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். குனிந்து "அண்ணா" என்றேன். கண்ணைத் திறந்தார். கண் சிவந்து, பார்வை எங்கோ இருந்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. எதிர் வீட்டு அக்கா ஓவென்று அழ ஆரம்பித்தார். படுத்திருந்தவரின் உதடு அசைந்தது.

"மெதுவா பேசுங்கம்மா. அது தூங்குது."

நூற்றியெட்டுக்கு போன் போட்டோம். வண்டி வருகிறவரை அவர் கையை நாயின் மேலிருந்து எடுக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. வண்டியில் வந்தவர்தான் எடுத்தார்.

திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உறவுக்காரர் யாரும் இல்லாததால் நான் கூட ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவர் தன் மனைவியிடம் பேசிக்கொண்டு வந்தார். கேட் சாவியைக் கேட்டார், சட்டை காய்ந்ததா என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்றார்கள். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார்கள். எனக்கு என்ன தெரியும். பக்கத்து வீடு என்று மட்டும் சொன்னேன். சாயங்காலமாக வேறொரு டாக்டர் வந்தார். அண்ணனின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், பிறகு பாதத்தை. இரண்டிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

"ஊட்ல நாய், மாடு எதுனா இருக்குதா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாயை, உண்ணியை, சுவரை. அண்ணனின் நகத்தையும் பார்க்கச் சொன்னேன். நகக்கண்ணில் கறுப்பாகக் கறை ஏறியிருந்தது. மனைவி இறந்த பிறகு அவர் உண்ணியை எடுக்காமல் இருக்கவில்லை. எடுத்துத்தான் இருக்கிறார். எடுத்து எடுத்து நகத்தால் நசுக்கியிருக்கிறார். நாய்க்கு ஒன்றுமில்லை என்று என் கணவரிடம் சொன்ன நாளிலும் அதைச் செய்துகொண்டுதான் இருந்திருப்பார். உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி மருந்தை மாற்றினார்கள். கடித்தும் வரும், நசுக்கின கையில் கீறல் இருந்தாலும் வரும் என்றார் டாக்டர். சிறுநீரகம் கெட்டிருக்கிறது, பிழைப்பார் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அன்று என் கணவர் ஷிப்டு முடிந்து வந்ததும், கைக்கு உறையும் காலுக்கு பூட்ஸும் மாட்டிக்கொண்டு, அந்த நாயைச் சாக்கில் கட்டித் தூக்கிப் போய் ஏரிக்கரை ஓரம் சீமைக்கருவேல மரத்துக்குக் கீழே ஆழமாகத் தோண்டிப் புதைத்தார். சுண்ணாம்பும் கொட்டினார். வீட்டுக்கு வந்து உடுத்தியிருந்த துணியோடு வாசலிலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டார். சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

தடாவிலிருந்து மகள் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கோபமும் இருந்தது. "அம்மா போனப்பவே இந்த நாய எங்கனா வுட்டுடு நைனான்னு சொன்னேன்க்கா. கேக்கவேயில்ல. இப்ப பாரு" என்று என்னிடம் சொன்னாள். அந்த நாயை எங்கே விட முடியும். விட்டிருந்தால் அவருக்கு என்ன மிச்சம் இருந்திருக்கும்.

அடுத்த வாரம் அவருக்கு நினைவு தெளிந்தது. ஆனால் ஒரு காது சுத்தமாகக் கேட்கவில்லை, இன்னொன்று பாதி. காய்ச்சலால் சிலருக்கு அப்படி ஆகும் என்றார்கள். நானும் அவர் மகளும் பக்கத்தில் இருந்தோம். நாயைப் பற்றி அவர் கேட்கவில்லை. தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். ஆனால் நான் ஒன்று கேட்டாக வேண்டும். வீட்டில் உண்ணி சுவர் முழுக்க ஏறிக் கிடந்தது. வரிசையில் இருக்கிற எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். பேரூராட்சி ஆள் மருந்து அடிக்க வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் அந்தப் படுக்கையை என்ன செய்வது என்று தெரிய வேண்டும். அவர் நல்ல காதுப் பக்கம் குனிந்து உரக்கக் கேட்டேன்.

"அண்ணா, அந்தப் புடவைங்கள இன்னா பண்றது? வெந்நீர்ல போட்டு எடுத்து வெக்கட்டுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தோச்சா அவ வாசன போய்டும்மா. நாயி அதுக்குத்தான் அதுல படுத்துனு இருந்துச்சு. நானும் அதுக்குத்தான்." பிறகு, "கொளுத்திடு. பச்சை ஒண்ணு இருக்கும், ஜரிகை போட்டது, அத மட்டும்..." என்று நிறுத்தினார். கையை அசைத்தார். "வேணாம். எல்லாத்தயும் கொளுத்திடு. பிள்ளைங்க இருக்குற எடம்."

அவர் மகள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

மறுநாள் ஏரிக்கரையில் வைத்துக் கொளுத்தினோம். நீளக் கொம்பால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார் என் கணவர். பூப்போட்ட வாயில் புடவைகள், நைலக்ஸ், கோயிலுக்குக் கட்டுகிற மஞ்சள் புடவை. பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டு கட்டியது என்று அந்த அம்மா ஒரு முறை என்னிடம் காட்டியிருந்தார். மடிப்புகளுக்குள் இருந்த உண்ணிகள் நெருப்பில் கடுகு மாதிரி வெடித்தன. பச்சைப் புடவையும் வந்தது. அதை மட்டும் தனியாக எடுத்து வைக்கலாமா என்று என் கணவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அதன் ஜரிகை ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் குஞ்சுகள் மணல் தூவின மாதிரி அப்பியிருந்தன.

பிறகு வீட்டைக் கழுவினோம். மருந்தடித்தார்கள். என் கணவர் இரண்டு விடுமுறை நாள் உட்கார்ந்து சுவரின் அந்தப் பக்கத்தைச் சிமெண்ட்டால் பூசினார். பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சந்தாகக் கம்பி விட்டுச் சுரண்டினார். சந்துக்குள் முட்டை கொத்துக் கொத்தாக இருந்தது.

அவர் திரும்பி வந்தபோது பாதி உடம்பாக இருந்தார். பூசின சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். அவருக்கு எங்கள் மேல் கோபமா என்று எனக்கு நெடுநாள் தெரியவில்லை. லாரி ஹாரன் காதில் விழாத ஆளைக் கேட்டில் நிறுத்த முடியாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வேறு வேலை தருகிறோம் என்றார்கள், கொடுக்கவில்லை. பகலெல்லாம் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எதிர் வீட்டு அக்கா இட்லி கொண்டுபோய் வைப்பார்.

மழைக்காலம் முடிகிற நேரம். ஒரு நாள் நான் வேலையில் இருக்கும்போது எதிர் வீட்டு அக்கா போன் செய்தார். குட்டிக்கு மூக்கில் ரத்தம் வருகிறது, பக்கத்து வீட்டு அண்ணன் பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார் என்றார். காலையில் குட்டி சோறு தின்னாமல் படுத்திருந்ததை நான் பார்த்திருந்தேன். மழை, சோம்பல் என்று நினைத்திருந்தேன். அனுமதி வாங்கிக்கொண்டு ஓடினேன்.

அவர் கால்நடை ஆஸ்பத்திரி பெஞ்சில் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் ரத்தம். என்னைப் பார்த்ததும் குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"நம்முதும் இப்படித்தாம்மா பண்ணுச்சு. சூடு போலன்னு வுட்டுட்டேன். மோர் ஊத்தினேன்."

டாக்டரம்மா ரத்தம் பார்த்தார். உண்ணியால் வருகிற ஜுரம்தான், ரத்தத்தை உறைய வைக்கிற அணுக்கள் குறைந்துபோயிருக்கின்றன, அன்றைக்குச் சுவர் ஏறி வந்த கூட்டத்தில் ஏதோ சில கடித்திருக்கும், உள்ளேயே இருந்து இப்போது வெளியே வருகிறது என்று சொன்னார். ஊசி போட்டார். ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதினார். மருந்துக் கடையில் மாத்திரை அட்டையை என் கையில் கொடுத்தபோது அண்ணன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதே மாத்திர தாம்மா எனக்கும் குடுத்தாங்க. இதே கலரு."

அந்த ஒரு மாதம் குட்டியைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம், மகள் பள்ளிக்கு. நாங்கள் கேட்கவில்லை. காலையில் வந்து எங்கள் வாசலில் நிற்பார். குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கக்கூடாது என்பதால் தயிர்ச் சோறு பிசைந்து, அதற்குள் வைத்து ஊட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து இடுக்கியால் உண்ணி எடுக்கக் கற்றுக்கொடுத்தேன். முதல் நாள் அவர் விரல்கள் தாமாகவே நசுக்கப் போயின. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது ஒரு முறை சொன்னார், "அவ இருந்தா என்னைய அடிச்சிருப்பா" என்று.

குட்டி பிழைத்தது. இடது கண் மட்டும் பால் படர்ந்த மாதிரி வெளுத்துப் பார்வை போய்விட்டது. ஆட்கள் அந்தப் பக்கமாக வந்தால் இன்றைக்கும் திடுக்கிடும்.

தை பிறந்ததும் அவர் மகள் வண்டி வைத்துக்கொண்டு வந்தாள். தனியாக இருக்க வேண்டாம், தடாவுக்கே வந்துவிடு நைனா என்றாள். அவர் மறுக்கவில்லை. சாமான் அதிகம் இல்லை. வண்டியில் ஏறுவதற்கு முன்னால் என் கணவரின் தோளில் கையை வைத்து, அன்றைக்குக் கதவில் மறித்ததையும் அந்தச் சுவர் விஷயத்தையும் மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். என் கணவர் "சரிணா, சரிணா" என்றார். குட்டி வண்டிக்குப் பின்னாலேயே மெயின் ரோடு வரை ஓடி, லாரிகளைப் பார்த்து நின்றுவிட்டது. என் மகள் போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவர் அவ்வப்போது போன் செய்வார். என்னிடம் நலம் கேட்பார், உடனே குட்டியைப் பற்றிக் கேட்பார். நான் கத்திப் பேச வேண்டும். மாதாமாதம் மருந்து விடுகிறேன், தின்கிறது, நன்றாக இருக்கிறது என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லுவேன். அவருக்கு எவ்வளவு விழுந்தது என்று தெரியாது. "சரிம்மா, கால் விரலுக்கு நடுவுல பாரு" என்பார்.

போன கார்த்திகையில் அந்த நம்பரிலிருந்து அவர் மகள் பேசினாள். சிறுநீரகம் அந்தக் காய்ச்சலில் கெட்டது கெட்டதுதானாம், நெல்லூரில் வைத்துப் பார்த்தார்களாம், பலிக்கவில்லையாம். காரியமெல்லாம் முடிந்துவிட்டது, உங்களிடம் சொல்ல விட்டுப்போனது என்றாள். கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரம். சுற்றிலும் டிபன் டப்பா மூடுகிற சத்தம்.

"உங்க நாயி இருக்குதாக்கா?" என்று கேட்டாள்.

"இருக்குதும்மா."

"நைனா கேட்டுகினே இருந்தாரு."

சாயங்காலம் வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்து பின்பக்கம் போனார். தண்ணீர் ஊற்றி முற்றத்தைக் கழுவுகிற சத்தம் கேட்டது. காலையில்தான் கழுவியிருந்தோம். நான் விளக்கைப் போட்டுக்கொண்டு குட்டியை மடியில் இழுத்துப் போட்டேன்.